ஊறலை எண்ணுகிறவர்கள் மரத்தையும் எண்ணட்டும்

கள்ளக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இப்போது ஒரு விஷயம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 2024 ஜூன், கருணாபுரம், மெத்தனால் கலந்த சாராயம், அறுபதுக்கும் மேற்பட்ட சாவு. கொன்றது வெளியிலிருந்து வந்த மெத்தனால். ஆனாலும் பழியில் ஒரு பங்கு கல்வராயன் மலைக்குப் போனது. ஏற்கனவே சாராயத்துக்குப் பேர் வாங்கிய மலை ஆயிற்றே! போலீஸ் ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. ஒவ்வொரு தடவையும் பேப்பரில் கணக்கு வந்தது. இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு, இத்தனை பேரல் உடைப்பு, இத்தனை மூட்டை வெல்லம் பறிமுதல்.

நல்லது. எண்ணத் தெரிந்த அரசாங்கம்தான். அப்படியானால் அதே மலையில் இன்னொரு கணக்கையும் கேட்கலாம். ஊறலில் வெல்லத்தோடு கடுக்காயும் போடுவார்கள். அந்தக் கடுக்காய் மரங்கள் போன பத்து வருடத்தில் எத்தனை பட்டுப்போயின? எத்தனை கன்று புதிதாக முளைத்து இடுப்பு உயரம் வந்தது? உண்ணிச்செடி எத்தனை ஏக்கர் ஏறியிருக்கிறது? மழை குறைந்த வருடத்துக்கும் மரம் சாகிற வருடத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி?

இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மரத்தை எண்ணுவது ஒரு வேலையா என்பார்கள். வேலைதான். அதுவும் அரசாங்கம் மட்டுமே காசு போட்டு நடத்தக்கூடிய வேலை. அதைச் சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் மலையைத் தெரியாதவர்களுக்காக. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன். ஒரு பக்கம் சேலம் மாவட்டம், மறு பக்கம் 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். வெள்ளிமலை, கரியாலூர், கருமந்துறை எல்லாம் மேலே இருக்கிற ஊர்கள். மலையாளிப் பழங்குடிகள்தான் இங்கே பெரும்பான்மை. (மலையை ஆள்கிறவர்கள் என்ற அர்த்தத்தில், கேரளாவைத் தேடிப் போக வேண்டாம்.) 1976 வரைக்கும் இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருடம் கழித்துத்தான் இங்கே ஜாகிர் முறை முடிந்தது என்றால் மலையின் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

கீழே இருக்கிறவர்களுக்கு இந்த மலை என்றால் தண்ணீர். கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் இங்கிருந்துதான் இறங்குகின்றன. கச்சிராயபாளையம் பக்கத்தில் கோமுகி அணை. அதை நம்பி நெல், கரும்பு. கச்சிராயபாளையத்திலேயே கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இருக்கிறது. அணையில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்பதைத் தினமும் எழுதி வைக்கிறார்கள். ஆனால் அந்த எண் வந்த தண்ணீரைத்தான் சொல்லும். ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்பதற்கான பதில் அணைக்கு மேலே, காட்டுக்குள்ளே இருக்கிறது. அங்கே போய் வருடக்கணக்காக எழுதினால்தான் அது கிடைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2015 டிசம்பரில் பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது இந்திய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. நீண்டகாலச் சூழலியல் கண்காணிப்பு மையங்கள், சுருக்கமாக எல்.டி.இ.ஓ. நாடு முழுக்க முக்கியமான இயற்கைப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே காடு, புல்வெளி, பூச்சி, பறவை, விலங்கு, மண், நீர் எல்லாவற்றையும் ஒரே முறையில், பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்து அளப்பது. காகிதத்தில் அருமையான திட்டம். அமெரிக்காவில் 1980-லேயே தேசிய அறிவியல் அறக்கட்டளை இப்படி ஒரு வலையமைப்பை ஆறு இடங்களோடு ஆரம்பித்துவிட்டது. இந்தியா 35 வருடம் தாமதம். பரவாயில்லை, வந்ததே என்று சந்தோஷப்படலாம்.

தேர்ந்தெடுத்த பகுதிகள் எட்டு. மேற்கு இமயம், கிழக்கு இமயம், ஜம்மு காஷ்மீர், வடமேற்கு வறண்ட நிலம், மத்திய இந்தியக் காடுகள், மேற்குத் தொடர்ச்சி மலை, சுந்தரவனம், அந்தமான் நிக்கோபார். இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ஒடிசாவில் ஆரம்பித்து ஆந்திரா வழியாகத் தமிழ்நாடு வரைக்கும் வருகிற ஒரு மலைத்தொடர் அந்தப் பட்டியலில் இல்லை. ஜவ்வாது, சேர்வராயன், சித்தேரி, கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எதற்கும் இடமில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் புகழ் பெற்றது, யானை இருக்கிறது, புலி இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கிழக்கு மலை பாவம், உயரம் குறைவு, துண்டு துண்டாகக் கிடக்கிறது, போட்டோவுக்கு அவ்வளவு எடுபடாது. ஆனால் துண்டு துண்டாகக் கிடப்பதால்தான் அதைக் கவனிக்க வேண்டும். தொடர்ச்சியான காட்டில் ஒரு மரம் ஓரிடத்தில் அழிந்தால் பக்கத்திலிருந்து விதை வரும். நாலு பக்கமும் மரவள்ளியும் கரும்பும் சூழ்ந்த மலையில் அழிந்தால் எங்கிருந்து வரும்?

“அதெல்லாம் சரி, வருடக்கணக்கில் எண்ணி என்ன கண்டுபிடித்தார்கள்?” என்று கேட்பவர்கள் முதுமலையைப் பார்க்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவர் குழுவும் 1988-ல் அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து கட்டம் போட்டார்கள். அதற்குள் நெஞ்சு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருக்கிற ஒவ்வொரு தண்டுக்கும் நம்பர் தகடு. சுமார் 26,000 தண்டுகள். எது எங்கே நிற்கிறது என்று வரைபடம். வருடா வருடம் போய் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று குறிப்பு. நாலு வருடத்துக்கு ஒரு தடவை சுற்றளவு. யானை நடமாடுகிற காடு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் நடைப்பயிற்சி போகிற வேலை இல்லை.

என்ன தெரிந்தது? செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த கிடியா என்ற மரம் ஆரம்பத்தில் ஏராளமாக இருந்தது. யானைகள் அதை விரும்பித் தின்று, சில வருடங்களிலேயே அதன் எண்ணிக்கை பெரிய அளவில் சரிந்துவிட்டது. ஒரு தடவை மட்டும் போய்ப் பார்த்தவருக்கு அது ‘இங்கே ஏராளம்’; பத்து வருடம் கழித்துப் போனவருக்கு ‘இங்கே அபூர்வம்’. இருவர் சொல்வதும் உண்மை, இருவருக்கும் விஷயம் தெரியாது. இன்னொன்று இதைவிட முக்கியம். சுரேஷ், தத்தராஜா, சுகுமார் ஆகியோர் 19 வருடக் கணக்கை வைத்து 2010-ல் எழுதிய ஆய்வின்படி, மழை பொய்த்த வருடமே பெரிய மரங்கள் செத்துவிடுவதில்லை. சில வருடம் தாக்குப்பிடித்து, பிறகுதான் விழுகின்றன. யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் ஒரு சாதாரண ஆராய்ச்சித் திட்டத்தின் ஆயுள் மூன்று வருடம். வறட்சி வருடத்தில் ஆரம்பித்த திட்டம், ‘வறட்சியால் பாதிப்பு அதிகம் இல்லை’ என்று அறிக்கை கொடுத்து மூட்டை கட்டிவிடும். மரம் அதற்கு அப்புறம் விழும்!

கல்வராயனில் ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கடவுளும் பார்த்தசாரதியும் (ஆமாம், ஆராய்ச்சியாளரின் பெயரே கடவுள்தான்) இந்த மலையின் அரைப் பசுமைமாறாக் காட்டில் மரங்களை அளந்து 1999-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு பிரகாசனும் பார்த்தசாரதியும் ஜவ்வாதிலிருந்து பச்சைமலை வரைக்கும் தெற்குப் பகுதிக் கிழக்கு மலைகள் முழுக்கக் கட்டம் பிரித்து மரங்களைக் கணக்கெடுத்து 2010-ல் வெளியிட்டார்கள். எவ்வளவு உழைப்பு! காட்டுக்குள் டேப் பிடித்து நடந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இந்த வேலைகள் மேல் எந்தக் குறையும் இல்லை. குறை, அதற்குப் பிறகு என்ன ஏற்பாடு என்பதில் இருக்கிறது. ஒரு தடவை எடுத்த கணக்கு போட்டோ மாதிரி. ஒரு குழந்தையை ஒரே ஒரு போட்டோ எடுத்துவிட்டு, அது வளர்கிறதா இளைக்கிறதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆய்வு மாணவருக்குப் பட்டம் கிடைக்கும், நல்கை தீரும், ஜீப் திரும்பிப் போகும். திரும்ப வந்து அளக்க வேண்டியது யார் பொறுப்பு? ஒருவர் பொறுப்பும் இல்லை. அந்த ‘ஒருவர்’ இடத்தில் நிற்பதற்குத்தான் அரசு செலவில் ஒரு வலையமைப்பு வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பணக்கார வேலை, நமக்கு ஆகுமா என்று ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. அவர்கள் கோயம்புத்தூர் வரைக்கும் ஒரு நடை போய்வரலாம். இப்போதைய தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் 1909-ல் ஒரு நிரந்தர உரப் பரிசோதனையை ஆரம்பித்தார்கள். ஒரு பாத்திக்கு எரு, ஒரு பாத்திக்கு ரசாயன உரம், இன்னொன்றுக்கு எதுவும் இல்லை. வருடா வருடம் அதே பாத்திக்கு அதே கவனிப்பு. இரண்டு உலகப் போர் வந்தது, வெள்ளைக்காரன் போனான், மதராஸ் தமிழ்நாடு ஆனது, பசுமைப் புரட்சி வந்தது. அந்தப் பாத்திகள் நூறு வருடத்தைத் தாண்டிவிட்டன. ரசாயன உரம் மட்டும் போட்டால் மண் நூறு வருடத்தில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மண்ணையே காட்டிப் பதில் சொல்லக்கூடிய இடம் அது. எந்த உரக் கம்பெனியும் அதை நடத்தியிருக்காது. அரசாங்கச் சம்பளம் வாங்கிய ஆட்கள், தலைமுறை தலைமுறையாக, பெரிதாகப் பேர் வராத வேலையைச் செய்துகொண்டு இருந்தார்கள். வயலுக்கு நூறு வருடம் செய்ய முடிந்ததைக் காட்டுக்குச் செய்ய முடியாதா?

நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சார்லஸ் டேவிட் கீலிங் 1958-ல் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் காற்றில் கரியமில வாயுவை அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 313 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. புவி சூடாவது பற்றிப் பேசுகிற எல்லோரும் காட்டுகிற அந்த ஏறுமுக வரைபடம் அவருடையதுதான். அதில் 1964-ல் சில மாதம் ஓட்டை. மழையா, புயலா? இல்லை, பட்ஜெட் வெட்டு. காசு நின்றது, அளவு நின்றது. அந்த மாதங்களில் அந்த மலை உச்சியில் காற்று எப்படி இருந்தது என்பதை இனி எத்தனை கோடி கொடுத்தாலும் போய் அளக்க முடியாது. பாலத்தைத் தாமதமாகக் கட்டலாம், செலவு கூடும், அவ்வளவுதான். தவறவிட்ட அளவைத் தாமதமாக எடுக்க முடியாது. 2025-ல் அமெரிக்க அரசு அந்த நிலையத்துக்கான நிதியையே நிறுத்த முன்மொழிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் புத்தி எந்த நாட்டு நிதித் துறைக்கும் சொந்தம் போலிருக்கிறது.

அடுத்து சாட்டிலைட் கட்சி. “இஸ்ரோ வானத்திலிருந்தே பார்த்துவிடுமே, கீழே போய் டேப் பிடிப்பது எதற்கு?” நல்ல கேள்வி. இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கில் வனப் பரப்பு அறிக்கை வெளியிடுகிறது. அதில் காட்டுப் பரப்பு என்பதற்கு என்ன இலக்கணம் தெரியுமா? ஒரு ஹெக்டேருக்கு மேல் இருக்க வேண்டும், மரக் கிளைகள் பத்து சதவீதத்துக்கு மேல் நிலத்தை மூடியிருக்க வேண்டும். நிலம் யாருடையது, மரம் என்ன ஜாதி என்பதெல்லாம் கேள்வியே இல்லை. மாந்தோப்பும் தைலமரத் தோப்பும் அந்தக் கணக்கில் காட்டுப் பரப்புதான். கல்வராயனில் பழைய காடு போய் அதே இடத்தில் சில்வர் ஓக் வந்தால் வானத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் பச்சை பச்சையாகவே இருக்கும். மேலே மரம் அப்படியே நின்று, கீழே உண்ணிச்செடி மூடி, ஒரு கன்றுகூட எழவில்லை என்றாலும் பச்சைதான். கிழவர்கள் மட்டும் வாழ்கிற ஊரை மேலிருந்து போட்டோ எடுத்து ‘மக்கள்தொகை நன்றாக இருக்கிறது’ என்று சொல்வது மாதிரி. சாட்டிலைட் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாட்டிலைட் சொல்வது சரியா என்று தரையில் ஒருவர் சொல்ல வேண்டும்.

இதுவரைக்கும் வந்த எதிர்ப்புகளுக்குப் பதில் சுலபம். கஷ்டமான ஒன்று இருக்கிறது. “மலைக்காரனுக்கு ரோடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. அதைச் செய்யாமல் மரத்துக்கு நம்பர் ஒட்டப் போகிறீர்களா?” சாராயச் சாவுக்குப் பிறகு 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டிய நிலை. அப்படிப்பட்ட இடத்தில் இந்தக் கேள்வியை யாரும் அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரோட்டுக்கான காசையும் மரக் கணக்குக்கான காசையும் ஒரே தட்டில் வைத்து ‘எது வேண்டும்’ என்று கேட்பதே ஒரு தந்திரம். எல்.டி.இ.ஓ.-வை உள்ளடக்கிய பருவநிலைச் செயல் திட்டம் என்ற மத்திய அரசுத் திட்டம் மொத்தத்துக்கும் ஐந்து வருடத்துக்கு ஒதுக்கியது 290 கோடி ரூபாய். அதில் ஒரு பகுதிதான் இந்தக் கண்காணிப்பு. 2023-24 என்ற ஒரே வருடத்தில் டாஸ்மாக் மூலம் தமிழ்நாடு அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி. கல்வராயனுக்கு ரோடு போடாததற்கு மர விஞ்ஞானி காரணம் இல்லை, ஐயா.

அதைவிடப் பெரிய பதில் பிலிகிரி ரங்கன் மலையில் இருக்கிறது. சத்தியமங்கலத்துக்கு வடக்கே, கர்நாடகப் பக்கம். அங்கே சோளகர் பழங்குடிகள் காலங்காலமாக நெல்லிக்காய் பறித்து வந்தார்கள். நெல்லி மரங்கள் குறைய ஆரம்பித்தன. யார் காரணம்? பறிக்கிறவன்தான், வேறு யார்! 2000-களின் நடுவில் விற்பனைக்காக வனப்பொருள் சேகரிப்பதற்கே தடை வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானத்தில் கை வைத்தாயிற்று. ஆனால் பெங்களூருவின் ஏட்ரீ என்ற ஆய்வு அமைப்பைச் சேர்ந்தவர்கள், சோளகர்களையும் சேர்த்துக்கொண்டு, நெல்லி மரங்களைப் பத்து வருடம் தொடர்ந்து கணக்கெடுத்து வந்திருந்தார்கள். 2012-ல் வெளியான அந்த முடிவு என்ன சொன்னது தெரியுமா? காய் பறிப்பதால் வந்த பாதிப்பு கொஞ்சம்தான். மரத்தைக் கொன்றது புல்லுருவி, கன்றை எழவிடாமல் அமுக்கியது உண்ணிச்செடி. அந்த இரண்டும் ஏன் பெருகின? சோளகர்கள் முன்பு வெயில் காலத் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் லேசாகத் தீ வைப்பார்கள். ‘தரகு பெங்கி’ என்று பெயர். 1974-ல் சரணாலயம் ஆனதும் அதை நிறுத்திவிட்டார்கள். தீ நின்றதால்தான் இரண்டும் பெருகின என்று சோளகர்கள் முன்பிருந்தே சொல்லிக்கொண்டு இருந்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை.

கணக்கு இல்லாத இடத்தில் பழி எளியவன் மேல் விழும். இது கல்வராயனுக்கு நன்றாகப் பொருந்தும். நாளைக்குக் கடுக்காய் குறைந்தால் பறித்தவன் குற்றவாளி. கோமுகிக்குத் தண்ணீர் குறைந்தால் மேலே சாமை விதைத்தவன் குற்றவாளி. தீப்பிடித்தால் மாடு மேய்த்தவன். அவர் சொல்வது தப்பு என்று நிரூபிக்க மலைக்காரனிடம் என்ன இருக்கிறது? 2006-ன் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் காட்டைக் காக்கிற, நிர்வகிக்கிற உரிமையைக் கொடுக்கிறது. நிர்வகிக்க வேண்டுமானால் காட்டில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று தெரிய வேண்டாமா? மரக் கணக்கு மலைக்காரனுக்கு எதிரி இல்லை. பல நேரம் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சாட்சி. (ஏட்ரீ அரசு நிறுவனம் இல்லையே, அறக்கட்டளைதானே என்று யாராவது மடக்கலாம். உண்மை. நல்கை கிடைத்ததால், அக்கறையுள்ள ஆட்கள் இருந்ததால் அங்கே நடந்தது. எல்லா மலைக்கும் அந்த யோகம் வாய்க்கும் என்று விட்டுவிட முடியுமா?)

பூச்சி விவகாரத்துக்கும் வருவோம், ஏனென்றால் இதில் கீழே இருக்கிறவர்களின் பணமும் இருக்கிறது. சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மரவள்ளி இல்லாமல் பிழைப்பு இல்லை. ஜவ்வரிசி ஆலைகள் அத்தனையும் அதை நம்பித்தான். 2020-ல் கேரளாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சீக்கிரமே இந்தப் பக்கம் வந்து வயல் வயலாகச் சுருட்டியது. மருந்து அடித்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. கடைசியில் பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி வள நிறுவனம், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருக்கிற ஆராய்ச்சி மையத்திலிருந்து ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, சோதித்து, வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. ஏத்தாப்பூர் எங்கே? ஆத்தூர் போகிற வழியில், கல்வராயன் மலைக்குத் தெற்கே.

அந்தக் குளவியின் கதை 1981-ல் தொடங்குகிறது. ஆப்பிரிக்காவில் இதே பூச்சி பஞ்சத்தைக் கொண்டுவந்துவிடும் என்று பயந்த காலம். பராகுவே நாட்டில் அதன் இயற்கை எதிரியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். நாற்பது வருடம் கழித்து அதே குளவி ஏத்தாப்பூர் வயலுக்கு வேலைக்கு வந்தது. 1981-ல் ஒருவர் ‘இதனால் சேலத்துக்கு என்ன லாபம்’ என்று கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். இன்றைக்குக் கல்வராயன் காட்டில் ஒரு புதர் மேல் உட்கார்ந்திருக்கிற எந்தப் பூச்சி எந்தப் பயிரைக் காப்பாற்றப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. இருக்கிற பூச்சிக்கே பேரேடு இல்லையென்றால் புதிதாக வந்தது எது என்றுகூடச் சொல்ல முடியாது. வந்து வயல் போன பிறகுதான் தெரியும்.

தனியார் செய்யட்டுமே என்கிற வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. 2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி என்று பெரிய எழுத்தில் செய்தி. சின்ன எழுத்தில், அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியே இருந்து வரும் என்று எதிர்பார்ப்பு. எந்தக் கம்பெனி வெள்ளிமலையில் 40 வருடத்துக்கு ஒரே மரத்தின் சுற்றளவை அளக்கக் காசு தரும்? ஒரு வருடம் தரும், ‘சமூகப் பொறுப்பு’ என்று பேனர் கட்டி, கன்று நட்டு, போட்டோ எடுக்கும். அடுத்த வருடம் வேறு மலை, வேறு பேனர். லாபம் யாருக்கு, எப்போது வரும் என்று சொல்ல முடியாத வேலைக்கு முதல் போடுவதற்காகத்தான் அரசாங்கம் என்ற ஒன்று இருக்கிறது. இந்தியா மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவதே 0.64 சதவீதம் என்பது 2020-21 கணக்கு. அதற்குள் சூழலியலுக்கு என்ன மிஞ்சும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விட்டுவிடலாம் :-)

இத்தனைக்கும் இதற்கு வேண்டியது ராக்கெட் இல்லை. டேப், அலுமினியத் தகடு, பெயிண்ட், மழைமானி, நோட்டு, கம்ப்யூட்டர், ஒரு சின்ன ஆபீஸ். எல்லாவற்றுக்கும் மேலாக ஆள். ஆள் மலையிலேயே இருக்கிறார்கள். முதுமலையிலும் வருடா வருடம் காட்டுக்குள் போகிறவர்களில் உள்ளூர்க்காரர்கள் உண்டு. தண்டையும் இலையையும் பார்த்தே மரத்தைச் சொல்கிற கண் அவர்களுக்கு. கல்வராயன் மலைக்காரர்களுக்கும் அந்தக் கண் உண்டு. அந்த அறிவுக்கு இதுவரை விலை கொடுத்தவர்கள் யார்? செம்மரப் புரோக்கர்கள். ஜவ்வாது, கல்வராயன் மலைகளிலிருந்து கூலிக்கு ஆள் கூட்டிப்போய் ஆந்திரக் காட்டில் இறக்கிவிட்டார்கள். ஆந்திர போலீஸ் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கைது செய்தது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மரம் தெரிந்தவனுக்கு வெட்டுகிற கூலியைத் தவிர வேறு வேலை இந்த நாட்டில் கிடையாதா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மலையாளிப் பையனும் பெண்ணும் வெள்ளிமலையில் அரசுச் சம்பளத்தில் மரம் அளந்தால் என்ன குறைந்துவிடும்? ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு செமஸ்டர் இ.வி.எஸ். என்று ஒரு தாள் வைத்து, கடைசி நாள் இரவு நோட்ஸ் படித்து மறக்க வைக்கிறார்கள். (வகுப்புத் தோழர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், உண்மைதானே?) கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் கல்லூரிகளின் தாவரவியல், விலங்கியல் மாணவர்களை அந்த ஒரு செமஸ்டருக்கு மலையேற்றினால் தாளுக்கும் ஒரு அர்த்தம் கிடைக்கும்.

ஆகவே கேட்பது இதுதான். எட்டோடு நிறுத்திய பட்டியலில் ஒன்பதாவதாகக் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்க்க வேண்டும். அதன் தெற்கு முனைக்குக் கல்வராயனில் ஒரு நிலையம். மூன்று வருடத் திட்டமாக இல்லாமல், வானிலை ஆய்வு மையம் மாதிரி, ஆட்சி மாறினாலும் ஓடுகிற நிரந்தரச் செலவாக. சென்னையில் 1790-களிலிருந்து வானிலையைக் குறித்து வருகிறார்கள். ‘இந்த வருடம் மழையை அளக்க நிதி இல்லை’ என்று எந்த மந்திரியும் சொல்வதில்லை. எடுத்த கணக்கு எல்லாம் தமிழில் கிராம சபைக்கும், இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைக்கிற கணக்குக்கு மக்கள் காசு எதற்கு? மத்திய அரசு தாமதம் செய்தால், நீலக்கொடி, பசுமை இயக்கம் என்றெல்லாம் அறிவிக்கிற தமிழ்நாடு அரசு தன் காசில் ஆரம்பிக்கட்டும்.

எங்கே ஆரம்பிப்பது என்று குழம்பவும் தேவையில்லை. 1999-ல் கட்டுரையான அந்த அரைப் பசுமைமாறாக் காட்டுத் துண்டுகளிலிருந்தே ஆரம்பிக்கலாம். எந்த மரம் எத்தனை, எவ்வளவு பருமன் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அளந்தவர்களும், அவர்களுக்கு வழி காட்டிய மலைக்காரர்களும் இடத்தைக் காட்டக்கூடிய நிலையில் இருக்கும்போதே, அடுத்த மழைக்கு முன்னால், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு யாரையாவது சம்பளம் கொடுத்து அனுப்புங்கள்.